கூத்து எங்கே போனது?

கூ, மூ, ஈ. இந்த மூன்று எழுத்துகளும் ஒரு கணினிக்குள்ளே எப்படிக் காணாமற் போயின என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தலைப்பைப் பார்த்து நாடக விமர்சனம் எண்டு நினைச்சு வந்தவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. கூத்தும் வரும்.

நாங்கள் நான்கு பேர். எல்லோரும் கலைப்பீடம். இரண்டு பேர் தமிழ், ஒருவர் வரலாறு, ஒருவர் புவியியல். கணினி விஞ்ஞானம் எங்கள் பாடம் இல்லை. ஆனால் வல்வெட்டித்துறையில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் இரண்டு அலுமாரி நிறையக் கல்வெட்டுகள் கிடக்கு. கல்வெட்டு எண்டால் எங்கட பக்கத்தில் கல்லிலே வெட்டினது மட்டுமில்லை. ஒருவர் செத்து 31ஆம் நாள் அந்தியேட்டி அன்று குடும்பத்தார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரும் கல்வெட்டுத்தான். தேவாரம், படம், பஞ்சபுராணம், கடைசிப் பக்கத்தில் வம்ச வரிசை.

இதையெல்லாம் யார் வாசிக்கிறது எண்டு கேட்பவர்கள் உண்டு. வரலாறு படிக்கிறவருக்குக் கேட்டுப் பாருங்கோ. பெரிய ஆக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். தண்டையலாய் இருந்தவர், தோணியில் அரிசி ஏற்றினவர், கோயில் வீதியில் கூத்தாடினவர், சங்கக் கடையில் கணக்கெழுதினவர், இவர்களைப் பற்றி அச்சில் இருக்கும் ஒரே எழுத்து பெரும்பாலும் இந்தக் கல்வெட்டுத்தான். வல்வையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாறி, ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதுமாதிரிப் பேர் வராத எத்தனையோ பயணங்கள் இந்த மலர்களின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியாய்க் கிடக்கின்றன.

அந்தக் கல்வெட்டுகளுக்கு முன்னமே ஒரு சுட்டி செய்யப்பட்டிருந்தது. ஒரு அக்கா ஒவ்வொரு மலரையும் வாசித்து, பெயர், ஊர், தொழில், ஒரு வரிக் குறிப்பு என்று ரைப் பண்ணினவா. ஒரு அண்ணா அதைத் தரவுத்தளத்தில் போட்டு, தேடுவதற்கு ஒரு பக்கமும் செய்து கொடுத்தவர். இரண்டு பேரும் இப்ப வெளிநாட்டில். சம்பளம் இல்லாமல், மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துச் செய்த வேலை அது. எங்களிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: பாமினியில் இருக்கிறதை யுனிகோட்டுக்கு மாத்தித் தாங்கோ.

மாற்றத் தொடங்கிய கிழமை வாசிகசாலைக்கு ஒரு ஆச்சி வந்தவா. "பிள்ளையள், எங்கட ஐயா காத்தவராயன் ஆடினவர். அவற்ற கல்வெட்டு இஞ்ச கிடக்கெண்டு சொல்லினம். ஒருக்காத் தேடித் தாங்கோவன்" எண்டா. பொறுப்பாளர் 'கூத்து' என்று அடித்துத் தேடினார். பழைய பக்கம், பழைய பாமினி. முடிவுகள்: 0.

"இல்லையெண்டு காட்டுது ஆச்சி."

"இல்லையெண்டால் என்ன? அச்சடிச்சு ஊருக்குக் குடுத்தது நாங்கள்தானே. அது எப்பிடி இல்லாமல் போகும்?"

அலுமாரியில் கையால் தேடினோம். முக்கால் மணித்தியாலத்தில் கிடைத்தது. பச்சை அட்டை, இரண்டாம் பக்கத்தில் காத்தவராயன் கூத்து என்று தெளிவாய் இருக்கு. அந்த மலரின் பதிவு கணினியிலும் இருந்தது. ஆனால் குறிப்பில் எழுதியிருந்தது இது: 'காத்தவராயன் 6்து'.

ஆறு எங்கிருந்து வந்தது? மற்றப் பதிவுகளையும் பார்த்தோம். 'நாட்டுக்6்து'. இன்னொன்றில் '6்து அண்ணாவியார்'. 'கூட்டுறவுச் சங்கம்' என்று வரவேண்டிய இடங்களில் கூவும் ட்-இல் பாதியும் போய், வெறும் புள்ளியும் 'டுறவுச் சங்கம்' என்பதும் மிஞ்சிக் கிடந்தன. 'கூரை' என்று வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கூரை முழுசாய்ப் போட்டுது.

இது விளங்க, பாமினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். யுனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையில் தமிழ் ரைப் பண்ணின பெரும்பாலானோருக்குப் பாமினிதான் தெரியும். அதில் தமிழ் எழுத்து என்று கணினிக்குத் தனியாக ஒன்றும் தெரியாது. ஆங்கில எழுத்தும் குறிகளும் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். எழுத்துகள் நிறைய, விசைகள் குறைவு. அதனால் குறிகளுக்குரிய விசைகளையும் தமிழ் எழுத்துகள் பிடித்துக்கொண்டன. கூ என்பது டொலர் குறி ($). மூ என்பது சதவீதக் குறி (%). ஈ என்பது இடப்பக்கக் கோணக் குறி (<). இ என்பது காற்புள்ளி (,). மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி, அரைப்புள்ளி (;). காற்புள்ளி வேணும் என்றால் வலப்பக்கக் கோணக் குறியை (>) அடிக்கவேணும். பழைய இணையப் பக்கங்களில் 'யாழ்ப்பாணம்இ வவுனியாஇ மன்னார்' என்று காற்புள்ளிக்குப் பதிலாக 'இ' நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது இந்தக் குழப்பத்தின் பிள்ளைதான்.

இனி அண்ணாவின் ஸ்கிரிப்ட். அது பிஎச்பியில் எழுதப்பட்டது. தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளை எஸ்கியூஎல் என்ற வேறொரு மொழி. ஒரு மொழிக்குள் இன்னொரு மொழியின் வசனத்தை எழுதவேணும். அதற்கு மேற்கோள் குறி தேவை. பிஎச்பியில் மேற்கோள் இரண்டு வகை. ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினது எழுதினபடி இருக்கும். இரட்டை மேற்கோளுக்குள் டொலர் குறி கண்டால், அதற்குப் பின்னால் வருவது ஒரு மாறியின் பெயர் என்று எடுத்து, மாறியின் பெறுமதியை அந்த இடத்தில் வைத்துவிடும். யுனிக்ஸ் ஷெல்லின் பழக்கம் இது. அங்கிருந்து பேர்ளுக்கு (1987) வந்தது, பிறகு பிஎச்பிக்கு (1995) வந்தது.

அப்ப ஒற்றை மேற்கோளையே பாவிக்கலாமே என்று கேட்பீர்கள். சிக்கல் என்னவென்றால், எஸ்கியூஎல்லும் சொற்களை ஒற்றை மேற்கோளுக்குள்தான் கேட்கும். உள்ளே ஒற்றை இருந்தால் வெளியே இரட்டை போடுவது வசதி. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அப்படித்தான் எழுதிக் காட்டினார்கள். அண்ணாவும் அப்படித்தான் எழுதினவர். அக்கா அடித்த வரிகள் அந்த இரட்டை மேற்கோளுக்குள் நேரே ஒட்டப்பட்டிருந்தன.

பாமினியில் த இருக்கும் விசை ஆங்கில 'ஜே'. ஆகவே 'கூத்து' என்று கண் வாசிப்பதை பிஎச்பி 'டொலர் ஜே' என்று வாசிக்கும். ஜே என்று ஒரு மாறி அந்த ஸ்கிரிப்டில் ஏற்கெனவே இருந்தது. அலுமாரி எண்ண ஐ, தட்டு எண்ண ஜே. எண்ணுவதற்கு இந்த இரண்டு எழுத்தையும் வைப்பது நிரல் எழுதுகிறவர்களின் பழைய வழக்கம். தட்டு ஐந்து. எண்ணி முடித்து வெளியே வரும்போது ஜே ஆறில் நிற்கும். அந்த ஆறுதான் ஒவ்வொரு கூத்தின் தலையிலும் ஏறி இருந்தது.

'கூட்டுறவு' என்பதில் டொலருக்குப் பின்னால் வருவது ட, அதாவது ஆங்கில 'எல்'. அப்படி ஒரு மாறி இல்லை. பேர்ளில் கடும் விதிமுறையைப் போட்டிருந்தால் ஓடவே மாட்டன் என்று நின்றிருக்கும். பழைய பிஎச்பி அப்படி நிற்காது. வெறுமையை வைத்துவிட்டு நடந்துகொண்டே இருக்கும். 'கூரை' இன்னும் பாவம். அதில் புள்ளி வைத்த எழுத்து இல்லை. ஐகாரக் கொம்புக்கு ஒரு ஆங்கில எழுத்து, ர-வுக்கு ஒரு ஆங்கில எழுத்து. இரண்டையும் சேர்த்து ஒரே மாறிப் பெயர் என்று எடுத்து, சொல்லை முழுசாய் விழுங்கிவிட்டது.

திரையில் பிழை ஒன்றும் வரவில்லை. 'வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது' என்றுதான் வந்திருக்கும்.

இது கூவுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. மூவுக்கு நடந்தது வேறு இடத்தில். எஸ்கியூஎல்லில் 'இதுபோல' என்று தேடும்போது சதவீதக் குறிக்கு 'எதுவும் வரலாம்' என்று பொருள். 'மூன்று' என்று தேடினால் தரவுத்தளத்துக்குக் கேட்பது 'எதுவும், பிறகு ன்று'. அப்ப ஒன்றும் வரும், இன்றும் வரும், அன்றும் வரும், 'என்று' வரும் அத்தனை பதிவுகளும் வரும். கூத்தைத் தேடினால் ஒன்றும் இல்லை, மூன்றைத் தேடினால் ஊர் முழுக்க.

ஈ தொலைந்தது மூன்றாவது இடத்தில், உலாவியில். இணையப் பக்கத்தில் இடப்பக்கக் கோணக் குறியும் அடுத்து ஒரு ஆங்கில எழுத்தும் வந்தால், இது பக்கத்தை அமைக்கும் கட்டளை என்று உலாவி நினைக்கும். வலப்பக்கக் கோணக் குறி வரும்வரை எல்லாவற்றையும் திரையில் காட்டாமல் விழுங்கும். வலப்பக்கக் குறி பாமினியில் காற்புள்ளி. ஆகவே 'ஈழநாடு' என்று தொடங்கினால் அடுத்த காற்புள்ளி வரை ஒன்றும் தெரியாது. 'ஈழநாடு பத்திரிகையில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர்,' என்பது முழுக்கப் போய்விடும். 'ஈஸ்வரி' மட்டும் தப்பினா. ஸ் இருக்கும் விசை சதுர அடைப்புக்குறி, அது எழுத்து இல்லை என்பதால் உலாவி அவவை விட்டுவிட்டது. இந்த இடத்தில் தரவு அழியவில்லை. உள்ளே பத்திரமாய் இருக்கு, கண்ணுக்குத்தான் இல்லை.

ஸ்கிரிப்ட், தரவுத்தளம், உலாவி என்று மூன்று வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலாளி, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கட்டளைச் சொற்கள். எங்கட எழுத்துகள் அந்தக் கட்டளைச் சொற்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு போயின. தமிழ் படிக்கிற எங்களுக்கு இதில் ஆச்சரியமாய் இருந்தது, இது இலக்கணப் பிரச்சினை என்பதுதான். 'வா' என்பது ஏவல். 'வா என்று சொன்னான்' என்பதில் அதே வா ஏவல் இல்லை, சொல்லப்பட்ட ஒரு சொல். இரண்டையும் பிரித்து வைப்பது 'என்று'. யாழ்ப்பாணத்தில் 'எண்டு'. அதை எடுத்துவிட்டால் கேட்கிறவர் எழும்பி வந்துவிடுவார். கணினியிலும் கேள்வி இதுதான்: இது நீ எனக்கு இடும் கட்டளையா, அல்லது யாரோ சொன்னது என்று நீ என்னிடம் தருவதா?

உலகத்தில் இந்தக் குழப்பத்தை வேணுமென்றே பாவிக்கிறவர்கள் உண்டு. பெயர் எழுதும் பெட்டியில் ஒரு ஒற்றை மேற்கோளைப் போட்டு, பெயர் அங்கே முடிந்தது என்று தரவுத்தளத்தை நம்பவைத்து, பிறகு தங்கள் கட்டளையை எழுதுவார்கள். 1998இல் ஃபிராக் என்ற மின்னிதழில் ஜெஃப் ஃபொறிஸ்டல் இதை எழுதிக் காட்டினார். 2015இல் பிரித்தானியாவின் ரோக்ரோக் நிறுவனத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விபரங்கள் இந்த வழியால் போயின. அடுத்த ஆண்டு 4 லட்சம் பவுண் தண்டம். எக்ஸ்கேசிடி என்ற சித்திரத் தொடரில் 2007இல் ஒரு அம்மா தன் பிள்ளைக்கு எஸ்கியூஎல் கட்டளையையே பெயராக வைத்து, பள்ளிக்கூடத்தின் மாணவர் பட்டியலை அழிப்பா. கணினி படிக்கிற நண்பர்கள் எல்லோருக்கும் அந்தப் பகிடி தெரியும். ஆனால் வல்வையில் யாரும் தாக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. கூத்தாடின ஒருவரைப் பற்றி உண்மையை எழுதினதே போதுமாய் இருந்தது.

மருந்து என்ன? பிஎச்பிக்காரர் ஒரு காலத்தில் மந்திர மேற்கோள் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் தானாகவே ஒரு சரிவுக்கோடு போடும். சரிவுக்கோடு பிறகு திரையிலும் வரும், மேற்கோள் குறி உள்ள பெயர்களுக்குள்ளும் குந்தியிருக்கும். 2012இல் அதைத் தூக்கிவிட்டார்கள். சரியான வழி அதைவிட எளிது. கட்டளையை முதலில் தனியாக அனுப்புவது. பெறுமதி வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். தரவுத்தளம் வசனத்தின் அமைப்பை விளங்கி முடித்த பிறகு பெறுமதிகளைப் பின்னால் கொடுப்பது. கிராம அலுவலரின் படிவம் மாதிரி. 'பெயர்' என்ற கோட்டில் 'இவருக்கு ஒரு மூடை சீமெந்து கொடுக்கவும்' என்று எழுதினாலும் அலுவலர் அதை ஒரு விசித்திரமான பெயர் என்றுதான் எடுப்பார். அதே வசனத்தை, கேட்டதெல்லாம் செய்யும் ஒருவருக்கு மூச்சுவிடாமல் வாசித்துக் காட்டினால் மூடை போய்விடும்.

இதிலும் எல்லை இருக்கு. கேள்விக்குறி பெறுமதிக்கு மட்டும்தான் நிற்கும். அட்டவணையின் பெயருக்கோ நிரலின் பெயருக்கோ நிற்காது. பெயர் வரிசையா ஆண்டு வரிசையா என்று வாசகர் தெரிவு செய்யவேணும் என்றால், அனுமதித்த பெயர்களின் பட்டியலை நாங்களே வைத்திருக்கவேணும். மூவின் சதவீதக் குறிக்கும் கேள்விக்குறி உதவாது. பெறுமதி பத்திரமாய் உள்ளே போனபிறகும், தேடும் கட்டளை அதை 'எதுவும்' என்றுதான் வாசிக்கும். அதற்குத் தனியாக விலக்குக் குறி போடவேணும். ஈக்கு, திரையில் காட்டும் நேரத்தில் கோணக் குறியை மாற்றி எழுதவேணும். ஒரு வாசலின் அனுமதிச்சீட்டு மற்ற வாசலில் செல்லாது.

யுனிகோட்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்குச் சொந்த இடம் இருக்கு. அங்கே கூ கூதான், டொலர் இல்லை. ஆனால் மாற்றும் வரிசை முக்கியம். வரியை முதலில் யுனிகோட்டாக்கி, அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்டின் கையில் கொடுக்கவேணும். யுனிகோட்டிலும் சின்னச் சின்ன வேலைகள் உண்டு. 'கொ' என்பதை ஒரே கொம்பாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் அரவையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமில்லை. 2005இல் ஶ என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு 'ஸ்ரீ'யையும் இரண்டு விதமாய் எழுதலாம். எங்கட ஊரில் ஸ்ரீ இல்லாத குடும்பம் குறைவு. இவற்றை ஒன்றாக்காமல் விட்டால் ஸ்ரீயும் ஸ்ரீயும் ஒன்றையொன்று தெரியாத ஆக்கள் மாதிரி நிற்பார்கள்.

இவ்வளவையும் ஏன் ஒரு கலைப்பீடத்துக் கூட்டம் எழுதுது? இந்தப் பகுதியில் பதிவுகள் அழிந்த கதைக்குக் குறைவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. அவற்றை அழித்தவர்கள் இருந்தார்கள், அழித்ததை ஊர் கண்டது. இங்கே அப்படி ஒருவரும் இல்லை. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அன்போடு இரண்டு பேர் செய்த வேலையில், சொற்கள் சத்தமில்லாமல் போய்விட்டன. போனது தெரியாமலே பல வருஷம் 'கணினியில இல்லை' என்பது 'இல்லை' என்று ஆகிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் வந்து கேட்டு, இல்லையாம் என்று திரும்பிப் போனார்களோ. அந்த ஆச்சி சண்டை பிடித்தபடியால்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

பதினேழு கூத்துகளைத் திருத்தியிருக்கிறோம். மேற்கோளுக்குள் ஒட்டிய வரிகளை வைத்து இல்லை, அலுமாரியிலிருந்து ஒவ்வொரு மலரையும் எடுத்து, பார்த்து. கூட்டுறவுகள் இன்னும் முடியவில்லை. 'கூரை' வந்த இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, ஏனென்றால் அங்கே தேடுவதற்கு அடையாளமே இல்லை. எல்லா மலரையும் திரும்ப வாசிக்கவேணும். வாசிக்கிறோம். சனிக்கிழமை பின்னேரங்களில் வரக்கூடியவர்கள் சொல்லுங்கோ, தேத்தண்ணி உண்டு.

வீட்டில், கோயிலில், விளையாட்டுக் கழகத்தில் பாமினியில் அடித்த பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவற்றை வேறெங்கும் ஏற்றுவதற்கு முன் யுனிகோட்டுக்கு மாற்றுங்கோ. மாற்றிய பிறகு கூ, மூ, ரூ, இ, ஈ வரும் இடங்களை ஒருக்காக் கண்ணால் பாருங்கோ. தனியாய் நிற்கும் புள்ளி, சொல்லுக்குள் நிற்கும் இலக்கம், பாதியில் நிற்கும் வசனம், இவை தெரிந்தால் அங்கே ஏதோ போயிருக்கு. முக்கியமாய், கணினியில் ஏத்தியாச்சு எண்டு சொல்லி மூலக் கடதாசியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதையுங்கோ. எங்களுக்குக் கூத்து திரும்பக் கிடைத்தது அந்தப் பச்சை அட்டையில் இருந்துதான்.